நோட், டெனோ, பன்: சர்வர் ரன்டைம் தேர்ந்தெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

சிவகாசியில் சித்தப்பா நடத்தும் அச்சகத்துக்கு, கல்யாணப் பத்திரிகை ஆர்டர் எடுக்க ஒரு வலைத்தளம் செய்து கொடுத்தேன். வாடிக்கையாளர் மாப்பிள்ளை, பெண் படங்களை ஏற்ற வேண்டும், வாசகத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும், மாதிரி பிடிஎஃப் உடனே கைக்கு வர வேண்டும். வேலை இவ்வளவுதான். எந்த ரன்டைமில் எழுதுவது என்று நான் யோசித்தது பத்து நிமிடம். அந்த முடிவைச் சரிசெய்ய மூன்று வாரம் போயிற்று. தை முகூர்த்தங்களுக்கு முன்னால் தளம் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பொங்கல் முடிந்துதான் வந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு கைவந்து, இப்போதுதான் சர்வர் பக்கம் வருகிறீர்கள் என்றால் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரன்டைம் என்பது நீங்கள் எழுதிய ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே, சர்வரில் ஓட்டித் தரும் மென்பொருள். நோட், டெனோ, பன் மூன்றும் இலவசம், மூன்றுமே நல்லவை. எது வேகம் என்ற ஒப்பீடுகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கீழே உள்ள வரிசையில் போனால் இரண்டு நாளில் முடிவுக்கு வரலாம்.

1. தளம் எங்கே ஓடப்போகிறது என்று முதலில் கேளுங்கள்

நான் கோட்டை விட்டது இங்கேதான். லேப்டாப்பில் பன் போட்டேன். நிறுவுவது நொடியில் முடிந்தது, வேகமும் பிடித்துப்போனது. அதனுடனே வரும் எஸ்கியூலைட் (ஒரு சின்னத் தரவுத்தளம்), பாஸ்வேர்ட் ஹாஷிங் (பாஸ்வேர்டைப் படிக்க முடியாதபடி மாற்றிச் சேமிப்பது), சர்வர் ஃபங்ஷன் எல்லாவற்றையும் பயன்படுத்தி எழுதிவிட்டேன். ஆனால் சித்தப்பா மூன்று வருடத்துக்கு முன்பணம் கட்டி வாங்கி வைத்திருந்தது ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது ஒரே சர்வரைப் பலர் பங்குபோட்டுக்கொள்ளும் இடம். அதன் கன்ட்ரோல் பேனலில் பிஎச்பி (சர்வருக்கான இன்னொரு மொழி) இருந்தது, ‘நோட்’ என்று ஒரு பகுதியும் இருந்தது. பன் இல்லை. பன்னுக்கே உரிய ஃபங்ஷன்கள் வேறு எதிலும் ஓடாது. பாதிக் கோடை மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

அதனால் இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் அங்கே பிஎச்பிதான் வீட்டுப் பிள்ளை. பேனலில் நோட் இருந்தால் நோட் போடலாம். டெனோவும் பன்னும் பெரும்பாலும் இருக்காது. உங்கள் தளம் நாலு பக்கமும் ஒரு தொடர்புப் படிவமும் மட்டும்தான் என்றால் பிஎச்பியிலேயே முடித்துவிடுங்கள். மாதச் செலவும் பராமரிப்பும் குறையும்.

விபிஎஸ் என்றால் முழு லினக்ஸ் கணினி உங்கள் கையில் இருக்கிறது. மூன்றில் எது வேண்டுமானாலும் ஓடும். பாதுகாப்பு அப்டேட், பேக்கப் எல்லாம் உங்கள் பொறுப்பு.

ஏடபிள்யூஎஸ் லாம்டா போன்ற சர்வர்லெஸ் சேவையில் (சர்வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், கோரிக்கை வரும்போது மட்டும் உங்கள் கோட் ஓடும்) நோட் நேரடியாகக் கிடைக்கும். டெனோ, பன் ஓட்ட கன்டெய்னரோ (ஆப்பையும் அதற்குத் தேவையானதையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம்) தனி ஏற்பாடோ செய்ய வேண்டும். கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸ் இன்னொரு வகை. அதில் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட்தான், ஆனால் அது நோட் அல்ல, நோடின் ஒரு பகுதிக்கு மட்டும் ஈடுகொடுக்கும். இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் கோரிக்கைகள் வரை தருகிறார்கள், ஒரு கோரிக்கைக்கு சிபியு நேரம் 10 மில்லிசெகண்ட். சின்ன ஏபிஐக்கு அது தாராளம். பிடிஎஃப் தயாரிக்கப் போதாது.

இலவசமாகத் தளத்தை ஏற்றித் தரும் சேவைகளில் ஒன்றைக் கவனியுங்கள்: சிறிது நேரம் யாரும் வராவிட்டால் உங்கள் ஆப்பை நிறுத்திவிடும் வழக்கம் பலவற்றில் உண்டு. அடுத்து வருபவர் அது மறுபடி கிளம்பும்வரை வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பழகிப் பார்க்க அது போதும். கடைக்காரருக்கு அதில் தளம் வைத்துக் கொடுக்காதீர்கள்.

இடம் முடிவானதும் அந்த நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு மூன்று கேள்வி அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். எந்த ரன்டைம், எந்தெந்த வெர்ஷன் கிடைக்கும்? ஒரு ஆப் எவ்வளவு மெமரி எடுத்துக்கொள்ளலாம்? எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வரில் நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) அனுமதி உண்டா? போனில் ‘எல்லாம் ஓடும் சார்’ என்று சொல்வதை நம்பி ஒரு வரிகூட எழுதாதீர்கள். எனக்கு அப்படிச் சொன்னவர்கள் கொடுத்தது, ஆதரவு முடிந்துபோன ஒரு பழைய நோட்.

2. மூன்றையும் ஒரு பார்வை

நோட் 2009 முதல் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது குரோமில் உள்ள அதே வி8 இன்ஜின். எந்தப் பிழைச் செய்தியைத் தேடினாலும் யாரோ ஏற்கெனவே அதில் சிக்கி, பதிலும் எழுதி வைத்திருப்பார்கள். புதியவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது நள்ளிரவில் தளம் விழும்போது தெரியும்.

டெனோவின் முதல் முழு வெர்ஷன் 2020இல் வந்தது. நோடை உருவாக்கிய ரயன் டாலே இதையும் தொடங்கினார். டைப்ஸ்கிரிப்ட் (தரவு வகைகளைச் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) நேரடியாக ஓடும். நீங்கள் அனுமதி கொடுக்காமல் உங்கள் புரோகிராம் நெட்வொர்க்கையோ ஃபைல்களையோ தொட முடியாது. 2024 அக்டோபரில் வந்த 2.0க்குப் பிறகு என்பிஎம் பேக்கேஜ்கள் (நோடுக்காகப் பிறர் எழுதிப் பகிர்ந்த கோட் தொகுப்புகள்) பெரும்பாலும் அப்படியே ஓடுகின்றன. ஒரு எச்சரிக்கை: அனுமதி கேட்டுக் கேட்டு எரிச்சலாகி, எல்லா அனுமதியையும் ஒரே ஃபிளாகில் (கட்டளையோடு சேர்க்கும் ஒரு சொல்லில்) திறந்துவிடும் பழக்கம் புதியவர்களிடம் உண்டு. அப்படிச் செய்தால் டெனோவை எடுத்ததன் பலனே போய்விடும்.

பன் 1.0 வந்தது 2023 செப்டம்பரில். இதில் இருப்பது சஃபாரி பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்ட்கோர் இன்ஜின். பேக்கேஜ் நிறுவும் வேகம் கண்கூடாகத் தெரியும். சர்வரில் நோட் ஓட்டுபவர்களும் லேப்டாப்பில் நிறுவவும் டெஸ்ட் ஓட்டவும் பன்னை வைத்துக்கொள்ளலாம்.

என் தீர்ப்பைக் கேட்டால்: முதல் முறை, அதுவும் இன்னொருவர் காசில் செய்கிறீர்கள் என்றால் நோட். விபிஎஸ் உங்கள் கையில் இருந்து, பேக்கேஜ்கள் குறைவு என்றால் டெனோவோ பன்னோ தாராளமாக எடுக்கலாம். எதை எடுத்தாலும் அதற்கே உரிய ஃபங்ஷன்களை ஒரு தனி ஃபைலில் ஒதுக்கி வையுங்கள். நாளைக்கு மாற வேண்டி வந்தால் அந்த ஒரு ஃபைலைத் திருத்தினால் போதும்.

3. வெர்ஷனும் அதன் காலாவதித் தேதியும்

நோடில் இதுவரை இரட்டைப்படை வெர்ஷன்களே எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவு உள்ளவை. ஏப்ரல், மே வாக்கில் வெளிவந்து அக்டோபரில் எல்டிஎஸ் ஆகும். அதிலிருந்து 30 மாதம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஒற்றைப்படை வெர்ஷன்கள் பரீட்சித்துப் பார்க்கத்தான். 20க்கு ஆதரவு முடியும் தேதி 2026 ஏப்ரல் 30. 22க்கு 2027 ஏப்ரல் 30. 24க்கு 2028 ஏப்ரல் 30. புதிதாகத் தொடங்குபவர், ஹோஸ்டிங்கில் கிடைக்குமானால், 24ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பன்னுக்கு இப்படிப் பல வருட எல்டிஎஸ் கிடையாது. டெனோவுக்கும் கிடையாது. அடிக்கடி அப்டேட் செய்ய ஆள் இல்லாத கடைத் தளத்துக்கு நோடை எடுக்க இதுவே போதுமான காரணம்.

இதிலுள்ள பெரிய பொறி: உபுண்டு லினக்ஸில், அதனுடனே வரும் ‘ஆப்ட்’ என்ற நிறுவும் கருவி மூலம் நேரடியாக நோட் நிறுவுவது. உபுண்டு 22.04 உங்களுக்குக் கொடுப்பது நோட் 12. உபுண்டு 24.04 கொடுப்பது 18. இரண்டுக்குமே நோட் திட்டத்தின் ஆதரவு முடிந்துவிட்டது. லேப்டாப்பில் 22 வைத்து எழுதிய கோட் சர்வரில் ஓடாமல், ‘சின்டாக்ஸ் எரர்: அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்’ என்று ஒரு கேள்விக்குறியைக் காட்டி நின்றது. அந்த வரியை நான் இருபது தடவை படித்தேன். வரியில் தப்பே இல்லை. இரட்டைக் கேள்விக்குறி என்ற எழுத்துமுறையே நோட் 14இல்தான் வந்தது, சர்வரில் இருந்தது 12. அதனால் சர்வரில் கால் வைத்ததும் முதலில் வெர்ஷனைக் கேட்டுப் பாருங்கள். என்விஎம் (நோட் வெர்ஷன்களை நிறுவி மாற்றிக்கொள்ளும் கருவி) மூலமோ, நோடின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்தோ நிறுவுங்கள். விண்டோஸ்காரர்களுக்கு என்விஎம்-விண்டோஸ் என்று தனியாக இருக்கிறது.

4. உங்கள் பேக்கேஜ்களில் சி++ ஒளிந்திருக்கிறதா?

பேக்கேஜ்களில் பெரும்பாலானவை சுத்த ஜாவாஸ்கிரிப்ட். அவை எங்கும் ஓடும். சில மட்டும் உள்ளுக்குள் சி, சி++ கோடைச் சுமந்து வரும். படத்தைச் சிறிதாக்கும் ஷார்ப், பாஸ்வேர்டுக்கான பிகிரிப்ட், பெட்டர்-எஸ்கியூலைட்3 எல்லாம் இந்த வகை. இவை ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் பிராசஸருக்கும் ஏற்ப வேறு வேறு ஃபைலாக இறங்கும். சில பேக்கேஜ்கள், நோட் வெர்ஷன் மாறினாலே மறுபடி கம்பைல் ஆக வேண்டும். டெனோ, பன் இரண்டிலும் இன்னொரு சிக்கல்: பேக்கேஜ் நிறுவும்போது அது தானாக ஓட்ட நினைக்கும் ஸ்கிரிப்ட்களைப் பாதுகாப்புக்காக இயல்பாக ஓட்ட மாட்டார்கள். பன் மட்டும் தனக்குத் தெரிந்த சில பேக்கேஜ்களுக்கு விலக்கு தரும். மற்றதற்கு நீங்கள் பெயர் சொல்லி அனுமதிக்க வேண்டும். நிறுவியது போலத் தெரியும், ஓட்டும்போது விழும்.

நான் செய்ததைச் செய்யாதீர்கள். விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து, பேக்கேஜ்கள் இறங்கும் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து சர்வரில் ஏற்றினேன். லினக்ஸில் ஷார்ப்பை லோட் செய்ய முடியவில்லை என்று ஆப் எழுந்திருக்கவே இல்லை. அந்த ஃபோல்டரை ஏற்றவே கூடாது. சர்வரிலேயே ‘என்பிஎம் சிஐ’ என்ற கட்டளையை ஓட்டி நிறுவ வேண்டும்.

கன்டெய்னர் செய்ய டாக்கர் பயன்படுத்துபவர்கள், அளவு சின்னது என்று அல்பைன் என்ற லினக்ஸின் இமேஜை எடுப்பார்கள். அதில் இருப்பது மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரி. பல நேட்டிவ் பேக்கேஜ்கள் (மேலே சொன்ன சி, சி++ வகை) அங்கே முரண்டு பிடிக்கும். கொஞ்சம் பெரிதானாலும் டெபியன் லினக்ஸ் அடிப்படையிலான ‘ஸ்லிம்’ இமேஜ் நிம்மதி.

தமிழில் பிடிஎஃப் தயாரிக்க வேண்டியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன், இதில் எனக்கு ஐந்து நாள் போயிற்று. முதலில் எடுத்த பிடிஎஃப் லைப்ரரியில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி வந்தது. ‘திருமண அழைப்பிதழ்’ பரவாயில்லாமல் வந்தது, ‘கொண்டாட்டம்’ உடைந்தது. கடைசியில் பப்பட்டியர் என்ற பேக்கேஜை வைத்து, பின்னணியில் குரோமையே ஓட்டி பிடிஎஃப் எடுத்தேன். பிரவுசருக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்க்கத் தெரியும், அதனால் சரியாக வந்தது. ஆனால் சர்வரில் ஏற்றியதும் எழுத்துக்குப் பதிலாக வரிசையாகக் கட்டங்கள். காரணம், சர்வரில் ஒரு தமிழ் எழுத்துருகூட இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழை ஏற்றியதும் சரியானது. பப்பட்டியர் இறக்கும் குரோம் அல்பைனில் ஓடாது, ஷேர்டு ஹோஸ்டிங்கில் அநேகமாக அனுமதிக்க மாட்டார்கள். அதாவது என் ரன்டைம் என்ன, ஹோஸ்டிங் என்ன என்பதைக் கடைசியில் முடிவு செய்தது ‘கொ’ என்ற ஒற்றை எழுத்து. சித்தப்பாவிடம் சொல்லி விபிஎஸ்ஸுக்கு மாறினோம்.

5. ஒரு நாள் வெள்ளோட்டம்

உண்மையான தளத்தைத் தொடங்கும் முன், தூக்கிப் போடுவதற்கென்றே ஒரு சின்ன ஆப் எழுதுங்கள். அழகு வேண்டாம், லாகின் பக்கம் வேண்டாம். உங்கள் தளம் செய்யப்போகும் கடினமான வேலைகள் மட்டும் அதில் இருக்கட்டும். எனக்கு அவை மூன்று: ஒரு படத்தைச் சிறிதாக்குவது, ஒரு வரி தரவுத்தளத்தில் எழுதுவது, ஒரு தமிழ் பிடிஎஃப் எடுப்பது. இதை லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அன்றைக்கே சர்வரில் ஏற்றுங்கள். காலையில் எழுதினால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

ஏற்றியதும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது போல இரண்டு போனிலிருந்து அழுத்திப் பாருங்கள். நோட் உங்கள் ஜாவாஸ்கிரிப்டை ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வரிசையில் ஒவ்வொன்றாக, ஓட்டும். காத்திருக்கும் வேலைகளை அழகாகச் சமாளிக்கும், ஆனால் கணக்குப் போடும் வேலை நீண்டால் மற்றவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒருவர் அழுத்தும்போது இன்னொருவரின் பக்கம் உறைந்தால், அந்த வேலையை வொர்க்கர் த்ரெட்டுக்கோ தனி புராசஸுக்கோ தள்ளுங்கள். ரன்டைமை மாற்றினால் இது தீராது. மூன்றிலும் இதே நிலைதான்.

தமிழ் உள்ளீடு வாங்கும் தளம் என்றால் எழுத்து எண்ணிக்கையையும் இப்போதே சோதியுங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும். நமக்கு அது மூன்று எழுத்து. ‘பெயர் 20 எழுத்துக்குள்’ என்று கட்டுப்பாடு வைத்தால் பாதிப் பெயர்கள் நுழையாது. ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள ‘இன்டில் செக்மென்டர்’ பயன்படுத்தினால் சரியாக எண்ணும். மூன்று ரன்டைமிலும் அது இருக்கிறது.

6. செலவு

ரன்டைமுக்குக் காசில்லை. காசு போவது மெமரிக்கு. 1 ஜிபி மெமரி உள்ள விபிஎஸ் மாதம் 6 டாலர் அளவில் கிடைக்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 600 ரூபாயைத் தாண்டும். விளம்பரத்தில் இருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது, கடைக்காரரிடம் சொல்லும்போது சேர்த்தே சொல்லுங்கள். ஜிஎஸ்டி எண் உள்ள தொழில் என்றால், கணக்கு திறக்கும்போதே அந்த எண்ணைக் கொடுத்துவிட்டு ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

1 ஜிபி போதுமா? சாதாரண நோட் ஆப்புக்குப் போதும். ஆனால் அதே சர்வரில் பில்ட் (கோடை ஓட்டத் தயாராக்கும் வேலை) ஓட்டினால் பாதியில் ‘கில்டு’ என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடும். மெமரி தீர்ந்து லினக்ஸ் அந்த வேலையைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம். 2 ஜிபி ஸ்வாப் ஃபைல் (மெமரி தீர்ந்தால் பயன்பட டிஸ்கில் ஒதுக்கும் இடம்) போட்டால் சமாளிக்கலாம். பின்னணியில் குரோம் ஓட்டுவதாக இருந்தால் 2 ஜிபி மெமரியே எடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். டேட்டா சென்டர் மும்பை, பெங்களூர் என்று பக்கத்தில் இருக்கட்டும்.

வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டுவதில் இரண்டு நாள் போகலாம். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். வங்கி ஆப்பில் போய் நீங்கள்தான் திறக்க வேண்டும். மாதாமாதம் தானாகக் கழிவதும் சில சமயம் நிராகரிக்கப்படும். பில் வரும் மின்னஞ்சல் கடைக்காரர் தினமும் பார்க்கும் முகவரியாக இருக்கட்டும். டொமைன் வாங்கும்போது முதல் வருட விலையை விட்டுவிட்டு, புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள்.

7. திட்டத்தில் இருக்க வேண்டிய ஃபைல்கள்

பேக்கேஜ்.ஜேசனில் ‘இன்ஜின்ஸ்’ பகுதியில் நோட் வெர்ஷனை எழுதுங்கள். என்விஎம் படிக்கும் .என்விஎம்ஆர்சி ஃபைலிலும் அதையே எழுதுங்கள். லாக் ஃபைலை (எந்தப் பேக்கேஜில் எந்த வெர்ஷன் என்ற பட்டியல்) கிட்டில் (கோடின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) கட்டாயம் சேருங்கள், ஒரே ஒரு லாக் ஃபைல் மட்டும் இருக்கட்டும். நான் பன்னிலிருந்து நோடுக்கு மாறியபோது இரண்டின் லாக் ஃபைலும் கிடந்து, எந்த வெர்ஷன் இறங்குகிறது என்றே தெரியாமல் ஒரு நாள் குழம்பினேன்.

பாஸ்வேர்டுகள் உள்ள .என்வ் ஃபைல் கிட்டுக்குள் போகவே கூடாது. அதில் உள்ள பெயர்களை மட்டும், மதிப்பு இல்லாமல், ஒரு மாதிரி ஃபைலாக வையுங்கள். அப்புறம் ஒரு ரீட்மீ: சர்வர் எங்கே இருக்கிறது, யார் பெயரில் கணக்கு, சப்போர்ட்டிடமிருந்து வந்த அந்த எழுத்துப் பதில், எழுத்துரு நிறுவியது போல கையால் செய்த வேலைகள். ஆறு மாதம் கழித்து சர்வரை மாற்றும்போது உங்களுக்கே இது தேவைப்படும்.

8. ஏற்றும் அன்று

விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. லினக்ஸ் பார்க்கும். ஃபைல் பெயர் சின்ன ‘யு’வில் தொடங்கி, கோடில் பெரிய ‘யு’ போட்டு அழைத்திருந்தால் லேப்டாப்பில் ஓடும், சர்வரில் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ வரும்.

சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5.30 வரை வரும் ஆர்டர்கள் முந்தின நாள் தேதியில் விழும். தரவுத்தளத்தில் யுடிசியாகவே சேமித்து, காட்டும்போது மட்டும் ‘ஏசியா/கொல்கத்தா’ என்று மாற்றிக் காட்டுங்கள்.

எஸ்எஸ்எச்சில் நுழைந்து ஆப்பைத் தொடங்கிவிட்டு லேப்டாப்பை மூடினால் ஆப்பும் நின்றுவிடும். ஆப்பைப் பின்னணியில் தொடர்ந்து ஓட வைக்கும் சிஸ்டம்டி அல்லது பிஎம்2வில் போட்டு, சர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, தானாக எழுகிறதா என்று பாருங்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் (வரும் கோரிக்கைகளை வாங்கி ஆப்புக்கு அனுப்பும் மென்பொருள்) வைத்து, எச்டிடிபிஎஸ்ஸுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்குங்கள். அது இலவசம், 90 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிடலாம்.

மொத்தத்தில் சப்போர்ட் பதிலுக்கு ஒரு நாள், வெள்ளோட்டத்துக்கு ஒரு நாள், கார்டு, வரி விஷயங்களுக்கு இரண்டு நாள், ஏற்றுவதற்கு ஒரு முழு நாள் என்று கணக்கு வையுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்றாதீர்கள். ஏற்றி முடித்ததும் போன் காலண்டரைத் திறந்து, நீங்கள் எடுத்த நோட் வெர்ஷனின் கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் ஒரு நினைவூட்டல் போடுங்கள். 24 என்றால் அது 2028 ஜனவரி கடைசி. அது தை மாதம், அச்சகத்தில் முகூர்த்த வேலை மும்முரமாக இருக்கும். அதனால் சித்தப்பாவின் தளத்துக்கு நான் 2027 அக்டோபரிலேயே குறித்து வைத்திருக்கிறேன்.